யாரும் தட்டாத இடைவெளி

நிரல்மொழிகளை வடிப்பதற்கான ஜெட்பிரெயின்ஸின் எம்பிஎஸ் மென்பொருளில் ‘1’ அடித்து, உடனே ‘+’ அடியுங்கள். கூட்டல் குறியின் இருபுறமும் இடைவெளி தானாக விழும். ஸ்பேஸ் பாரை யாரும் தொடவில்லை. சேமித்த கோப்பில் தேடினாலும் அந்த இடைவெளி அகப்படாது. அங்கே இருப்பது நிரலின் அமைப்பைக் கணுக்களாக வைத்திருக்கும் மரம். திரையில் தெரிவது அதை வரைந்து காட்டும் படம்.

இடைவெளியைத் தீர்மானிப்பது, மொழியை வடித்தவர் எழுதிய எடிட்டர் வரையறை. அது செல்களால் ஆனது. அடுத்தடுத்த செல்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதே இயல்பு. வேண்டாமென்றால்தான் சொல்ல வேண்டும். அரைப்புள்ளியின் செல்லுக்கு ‘பங்க்சுவேஷன்-லெஃப்ட்’ என்ற பண்பைக் கொடுத்தால் அது முன்சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். கூடவே, அந்தக் குறிக்கு முன்னால் கர்சர் நிற்கும் இடமும் நீங்கிவிடும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எல்லையில் கர்சர் இரண்டு முறை தயங்குவதில்லை. எவ்வளவு கரிசனமான ஏற்பாடு!

என்னை மிகவும் கவர்ந்தது திறப்பு அடைப்புக்குறி. எம்பிஎஸ்ஸோடு வரும் ஜாவா வடிவ மொழியான பேஸ்லாங்வேஜின் ஸ்டைல்ஷீட்டில் ‘லெஃப்ட்பேரன்’ என்று ஒன்று, ‘லெஃப்ட்பேரன்ஆஃப்டர்நேம்’ என்று இன்னொன்று. ‘இஃப்’ என்பதற்குப் பின்வரும் அடைப்பு சற்றுத் தள்ளி நிற்கும். மெத்தட் பெயருக்குப் பின்வருவது பெயரோடு இழையும். ஜாவாக்காரர்களின் விரல்கள் பழக்கத்தில் செய்துவந்த நுட்பத்தை யாரோ கவனித்துப் பெயரிட்டிருக்கிறார்கள். ஒரு பெயர் வைக்க அவ்வளவு பார்த்திருக்க வேண்டும்.

உள்தள்ளலும் இப்படித்தான். உட்பகுதியின் செல் தொகுப்புக்கு ‘இன்டென்ட்-லேஅவுட்-இன்டென்ட்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். மரத்தில் எத்தனை ஆழமோ அத்தனை தள்ளல். ஒரு துண்டை வெட்டி வேறொரு லூப்புக்குள் ஒட்டினால் அது புதிய இடத்துக்கு உரிய தள்ளலோடே வந்து அமரும். டேபா ஸ்பேஸா என்ற சண்டைக்கு இங்கே வேலையே இல்லை.

இத்தனை இடைவெளிகளையும் படத்தோடு நிறுத்திய எம்பிஎஸ், பேஸ்லாங்வேஜில் கட்டளைகளுக்கு நடுவே நாம் விடும் வெற்று வரியை மட்டும் மரத்திலேயே வைக்கிறது. அதுவும் ஒரு ஸ்டேட்மென்ட் கணு. இதுவே சரியான பாகுபாடு. காற்புள்ளிக்குப் பின் வரும் இடைவெளி மொழியின் வழக்கம். இரண்டு கட்டளைகளுக்கு நடுவே விட்ட வரி, எழுதியவரின் எண்ணம். அதை இழக்கக் கூடாது.

எம்பிஎஸ் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள். மொழி வடிக்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், பேஸ்லாங்வேஜின் ‘இஃப்’ எடிட்டரைத் திறந்து, ஒவ்வொரு செல்லின் பாணியையும் இன்ஸ்பெக்டர் பலகத்தில் நிதானமாகப் பாருங்கள்.