சோதனைச்சாவடியும் காவலரின் தடியும்

அனுபவ் சின்ஹா இயக்கி 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘பீட்’ என்னும் இந்தித் திரைப்படம், 2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பொது முடக்கத்தைப் பொருளாகக் கொண்டது. தலைப்பிற்குக் ‘கூட்டம்’ என்று பொருள். ஊர் திரும்பும் கூலித் தொழிலாளர் ஒரு மாநில எல்லையில் தடுத்து நிறுத்தப்படுகின்றனர். அச்சாவடியின் பொறுப்பு, தாழ்த்தப்பட்ட சமூகத்தில் பிறந்த சூரிய குமார் சிங் என்னும் இளங்காவல் அதிகாரியிடம் ஒப்படைக்கப்படுகிறது. ராஜ்குமார் ராவ் இப்பாத்திரத்தை மிகையின்றி நடித்துள்ளார். படம் முழுவதும் கறுப்பு வெள்ளையில் அமைந்திருப்பது, 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின் நிழற்படங்களை நினைவூட்டுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இக்கதை அயலாருடையதன்று. பள்ளிபாளையத்து விசைத்தறிகளிலும், சேலத்துச் சேகோ ஆலைகளிலும், நாமக்கல் கோழிப்பண்ணைகளிலும் வடமாநிலத்தவர் உழைக்கின்றனர். நம் லாரி ஓட்டுநர்களோ நாட்டின் எல்லைச் சாவடிகளை நன்கறிந்தவர்கள்.

படத்தின் சிறப்பு, ஏழைகளை மாசற்றவர்களாகக் காட்டாமையே. பங்கஜ் கபூர் நடிக்கும் திரிவேதி என்னும் காவலாளி, தம்முடன் வந்தோர் பசித்திருக்கையிலும் இஸ்லாமியர் அளிக்கும் உணவை மறுக்கிறார். ஒடுக்கப்படுகிறவனும் தனக்குக் கீழ் ஒருவனைத் தேடுகிறான் என்னும் கசப்பான உண்மை இங்கு வெளிப்படுகிறது.

எனினும், கதையின் பாரம் முழுவதும் ஒரு நல்ல அதிகாரியின் மனச்சாட்சியின்மேல் சுமத்தப்படுகிறது. இது போதுமா என்று நாம் கேட்க வேண்டியுள்ளது. 2021 ஜூன் மாதத்தில் சேலம், நாமக்கல் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் மதுக்கடைகள் மூடப்பட்டிருந்தன. அப்போது அண்டை மாவட்டத்திற்குச் சென்று குடித்துவிட்டு இருசக்கர வாகனத்தில் திரும்பிய ஒருவர், ஏத்தாப்பூர் அருகே பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச்சாவடியில் காவலரால் தடியால் அடிக்கப்பட்டு, பின்னர் உயிரிழந்தார். அக்காட்சி காணொளியாகப் பரவியது. சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இறந்தவர் பசியால் ஊர் தேடி நடந்தவர் அல்லர். ஆகவே, ‘குடித்தவன்தானே’ என்று சொல்லி நாம் எளிதில் கடந்துவிடக் கூடும். ஆனால் முடக்க ஆணையை மீறியவரைத் தண்டிக்கும் அதிகாரத்தை, அன்று நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் நீதிமன்றத்திற்கே விட்டிருந்தன. காவலரின் தடிக்கு அதனை அளிக்கவில்லை. போர்ச்சேவகர் தம்மிடம் வந்து வினவியபோது, யோவான் ஸ்நானகன் அவர்களைப் பணியைத் துறக்கும்படி சொல்லவில்லை. அப்பணியில் செய்யத் தகாதவற்றையே எடுத்துரைத்தார். அதிகாரி நல்லவராயினும் அல்லராயினும் அவர் செய்யக் கூடாதவை எவை என்பதே முதற்கேள்வி. அக்கேள்வியைப் படம் அணுகுகிறது. ஆனால் முழுமையாக எதிர்கொள்ளவில்லை.

நம் இளைஞர் ஐக்கியங்கள் இப்படத்தைப் பார்த்துக் கலந்துரையாடுவது பயனளிக்கும். அவ்வுரையாடலில் பாப்பநாயக்கன்பட்டியும் இடம்பெற வேண்டும் என விரும்புகிறோம்.