இளவட்டக்கல்லும் 56 வயதும்

பாரம் தூக்குவதில் பாசாங்கு எடுபடாது. மலேசியாவில், பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டு, மேட்டிலும் பள்ளத்திலும் ஸ்டோர் வரை நடந்து தோள் காய்த்தவர்கள் இன்னும் நம் ஊரில் இருக்கிறார்கள். ஆள் வரும் நடையைப் பார்த்தே வாளி நிறைந்திருக்கிறதா, பாதிதானா என்று சொல்லிவிடுவார்கள். ‘முதல் மரியாதை’யில் சிவாஜி கல் தூக்கும் காட்சிக்கு அவர்கள்தான் சரியான நடுவர்கள்.

இளவட்டக்கல்லுக்குப் பிடி கிடையாது; உருண்டை. குந்தி உட்கார்ந்து இரு கையாலும் அணைத்து முதலில் தொடைமேல் ஏற்ற வேண்டும். அங்கிருந்து வயிறு, மார்பு, கடைசியில்தான் தோள். நடுவில் மூச்சு விட்டால் கல் காலில் விழும். தென்தமிழ்நாட்டுக் கிராமங்களில் கல்யாணத்துக்கு நிற்கும் வாலிபர்களுக்கு வைத்த பரீட்சை அது. படத்தில் அதை எடுக்கப் போவதோ, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்ட ஊர்ப் பெரியவர் மலைச்சாமி. பார்க்க ஆளில்லை என்ற தைரியத்தில் தூக்குகிறார். படகோட்டும் குயில் ஒளிந்து நின்று பார்த்துவிடுகிறாள். கல் அட்டையாகவே இருந்துவிட்டுப் போகட்டும், உடம்பு நிஜம். 1985 ஆகஸ்டில் படம் வெளிவந்தபோது சிவாஜிக்கு வயது 56. அந்தக் கனத்தை ஒளிக்காமல் தூக்கியதால்தான் காட்சி நிற்கிறது.

ஒளித்த காலமும் உண்டு. 1979-இல் அவருடைய 200-ஆவது படமான ‘திரிசூலம்’ வந்தது. மூன்று வேடம். 50 வயதில் வாலிபனாகவும் வந்து, இருபதுகளில் இருந்த ஸ்ரீப்ரியாவோடு ஜோடி போட்டார். வயது இடிக்கிறதே என்று கேட்க ஆளில்லை. படம் ஓடு ஓடென்று ஓடியது. தமிழ் சினிமாவில் வயது வித்தியாசக் காதல் எப்போதும் இருந்ததுதான், ஒப்பனைக்குள் இருந்தது. ‘முதல் மரியாதை’யில் இயக்குநர் பாரதிராஜா அதை வெளியே எடுத்துக் கதையாகவே வைத்தார்.

பத்து வருடம் முந்திய ‘அபூர்வ ராகங்கள்’ இதற்கு நேர் எதிர். கமல் தன்னைவிட மிக மூத்தவரான ஸ்ரீவித்யாவை விரும்புவார். ஸ்ரீவித்யாவுக்கோ ஜெயசுதா வயதில் ஒரு மகள். உண்மையில் கமல் 1954, ஸ்ரீவித்யா 1953. ஒன்றேகால் வருடம்தான் இடைவெளி! மிச்ச வருடங்களை ஸ்ரீவித்யாவே நிதானத்தாலும் பார்வையாலும் உண்டாக்கினார். ரஜினி அறிமுகமான படம் என்றே அதை நினைவு வைத்திருக்கிறோம், பாவம்.

சிவாஜியின் கணக்கு வேறு. குயிலாக நடித்த ராதா அப்போது இருபதை ஒட்டியவர், இடைவெளி முப்பத்தைந்துக்கு மேல். அதைக் குறைக்க சிவாஜி முயலவில்லை. வீட்டில் மனைவி பொன்னாத்தா முன்னால் வாயடைத்துப் போகிற அதே ஆள், ஆற்றங்கரைக்கு வந்தால் குறும்பு பேசுகிறார். குயிலின் குடிசையில் மீன் குழம்பு சாப்பிடும் காட்சியைப் பாருங்கள். அங்கே காதல் வசனம் தேவைப்படவில்லை. பசியாறச் சோறு கிடைத்த ஒரு மனிதன், அவ்வளவுதான். கட்டபொம்மனாகக் கர்ஜித்த நடிகர் இங்கே வாயை மெல்லுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறார். படகுக் காட்சிகளில் துடுப்பு அவள் கையில். பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிறவர் அங்கே வெறும் பயணி.

குரல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். குயிலுக்கு ராதிகா பின்னணி பேசியதால் கொஞ்சல் போய், துணிச்சல் வந்தது. சிவாஜி என்றால் டி.எம்.எஸ். குரல் என்று பழகிய காதுக்கு, மலேசியாவில் பிறந்து சென்னைக்குப் போன மலேசியா வாசுதேவன் பாடினார். அவர் குரலில் கம்பீரத்தைவிட ஏக்கம் அதிகம், மலைச்சாமிக்கு அதுதான் பொருத்தம். பாடல்களுக்காக வைரமுத்துவுக்கும், சிறந்த தமிழ்ப் படமாக இதற்கும் தேசிய விருது கிடைத்தது.

பிற்பகுதி எனக்கு ஒப்பவில்லை. கொலை, போலீஸ், ஜெயில் என்று சம்பவங்கள் வந்து குவிகின்றன. சேர்ந்து வாழ்வதா, பிரிவதா என்று மலைச்சாமியும் குயிலும் தாங்களே முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கதை அவளைச் சிறைக்கு அனுப்பிவிடுகிறது. பிறகு இருவரையும் சாகடிக்கிறது. வெல்ல வேண்டிய ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் பந்தைப் பின்னுக்கே தட்டிக்கொண்டு சமநிலைக்கு ஆடும் அணியின் புத்தி இது.

பொன்னாத்தாவுக்கும் நியாயம் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்பே ஒருவனிடம் ஏமாந்து வயிற்றில் பிள்ளையோடு நின்றவள். மலைச்சாமி தாலி கட்டி மானத்தைக் காப்பாற்றினார் என்பதற்காகத் தியாகி ஆகிறார். அவள் வாயாடி ஆகிறாள். பொன்னாத்தாவாக வரும் வடிவுக்கரசி எந்த இடத்திலும் அனுதாபம் கேட்டு நடிக்கவில்லை, கத்தித் தீர்க்கிறார். படத்தின் ஆகத் துணிச்சலான நடிப்பு அவருடையதுதான் என்பேன். அப்போது அவர் முப்பதைத் தொடாதவர். அதாவது, திரையில் பல வருடம் குடித்தனம் நடத்திய அந்தப் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவிலும் ஏறக்குறைய 30 வருட இடைவெளி. குயிலின் வயதைப் பற்றி வாய் வலிக்கப் பேசிய நாம், அதை எண்ணிப் பார்க்கவே இல்லை.