தங்கம் தென்படாத நாட்கள்

விடாமுயற்சியைப் பற்றிப் பேசு என்றால் நம்மவர்கள் திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தைத் திறப்பார்கள். கோலார் தங்கவயலில் பிறந்த நாங்கள் மைக்கேல் லாவெல்லைப் பிடித்துக்கொள்வோம். "மாட்டு வண்டியில் வந்தார், மண்ணைத் தோண்டினார், தங்கத்தைக் கண்டார்!" என்று பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கி, எவர்சில்வர் டம்ளர் ஒன்றைப் பரிசாக வாங்கியவன் நான். அந்தப் பேச்சில் பாதி பொய் என்பது பின்னால்தான் தெரிந்தது.

லாவெல் என்ற அந்தப் பழைய பட்டாளத்துக்காரருக்கு மைசூர் அரசின் உரிமம் கிடைத்தது 1875-இல். தோண்டப் பணம் போதவில்லை. 1877-இல் உரிமையை வேறு சிலரிடம் கொடுத்துவிட்டார். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது. கம்பெனிகள் பல கிளம்பின, பெரும்பாலானவை முதலைத் தொலைத்தன. 1880-களின் நடுவில், மைசூர் சுரங்கத்திலும் பணம் தீர்ந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கேப்டன் பிளம்மர் சாம்பியன் படிவத்தை எட்டினார். கையிருப்பு ஓராண்டு முன்னால் தீர்ந்திருந்தால் அதே பிடிவாதத்தை நாம் முட்டாள்தனம் என்றிருப்போம். வென்றவன் கதையை மட்டும் எடுத்து முயற்சிக்குச் சான்று காட்டும் பழக்கம் நம் மேடைகளுக்கு உண்டு. இந்த மலரின் கட்டுரைகளுக்கும் உண்டு, என்னுடைய பழைய கட்டுரைகள் உட்பட.

திரைப்படங்களும் இதைத்தான் செய்கின்றன. 2018-இல் வந்த கன்னடப் படம் 'கே.ஜி.எஃப்.' எங்கள் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது. ஊர் மட்டும் அதில் இல்லை. எல்லாரையும் மீட்க வரும் ஒரு நாயகன் இருந்தான். பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' (2024) அதைவிடப் பல மடங்கு நேர்மையானது. வட ஆற்காட்டிலிருந்து போன உழைக்கும் மக்களை நடுவில் நிறுத்தியது. விக்ரமின் உடம்பில் அந்த உழைப்பு தெரிகிறது. ஆயினும் கனவு, காவல் தெய்வம், மூதாதையர் நினைவு என்று தங்கத்துக்குப் போகும் வழியெல்லாம் மாயமாகிவிட்டது. ஒன்றுமே கிடைக்காத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அந்தப் படத்தில் இல்லை. என் குறை அது ஒன்றுதான்.

ஏனென்றால் தங்கவயல் என்பதே அந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான். சுமார் 120 ஆண்டுகளில் 5 கோடி டன்னுக்கு மேல் கல்லைத் தோண்டி ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு டன் கல்லுக்குச் சராசரியாக 16 கிராம், அதாவது இரண்டு சவரன். கடைசிக் காலத்தில் 3 கிராம், அரைச் சவரன்கூட இல்லை. அது கல்லுக்குள் கலந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியவர்கள் ஏர்பிளாஸ்ட்டுக்குப் பயந்துகொண்டே அந்தக் கல்லை உடைத்தார்கள்.

"உள்ளே தங்கத்தைப் பார்த்திருக்கியா நைனா?" என்று அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "தங்கத்தை எங்கடா பார்த்தோம்? கல்லைத்தான் பார்த்தோம். இன்னிக்கு எத்தனை அடி போனோம், அவ்ளோதான் கணக்கு" என்றார். தங்கத்தைக் குறியாக வைத்திருந்தால் ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்க மாட்டார். அடிக்கணக்கும் சம்பளமும் எங்கள் பள்ளிக்கூடமும்தான் முப்பது வருஷம் அவரை இறக்கி ஏற்றின.

இதே ஆழத்தில் வேறொரு கூட்டமும் வேலை செய்தது. தங்கவயல்காரர்களுக்கே அது அதிகம் தெரியாது. விண்ணிலிருந்து வரும் மியுவான் துகள்கள் பூமிக்குள் எவ்வளவு தூரம் ஊடுருவுகின்றன என்று அளக்க 1951-இல் ஹோமி பாபா, பி.வி. ஸ்ரீகண்டனை இந்தச் சுரங்கத்துக்கு அனுப்பினார். ஆழம் கூடக் கூடப் பதிவுகள் குறைந்தன. 1960-களின் தொடக்கத்தில் மியாகே, நரசிம்மம், ரமணமூர்த்தி ஆகியோர் கருவிகளை மிக ஆழத்தில் வைத்துச் சுமார் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒரு துகள்கூட வரவில்லை. நம் மேடைப் பேச்சாளர் இதைத் தோல்வி என்பார், அல்லது "சோர்வடையாதே" என்பார். அவர்களோ அந்தப் பூஜ்யத்தையே விடையாக எடுத்துக்கொண்டார்கள்: மற்ற இரைச்சல் எதுவும் எட்டாத இடம் இது, நியூட்ரினோவைத் தேட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுத்தின. 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவின் தடம் அங்கே கிடைத்தது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் தேடிய குழுவின் அறிவிப்பும் அதே சமயத்தில் வந்தது. கிடைத்த பதிவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

1980-களில் அதே சுரங்கத்தில் புரோட்டான் சிதைவைத் தேடினார்கள். சில பதிவுகளைச் சான்றாக முன்வைத்தார்கள். மற்ற நாட்டுச் சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. இந்தப் பாதியையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். எந்தப் பேச்சுப் போட்டியிலும் இதைச் சொல்லி டம்ளர் வாங்க முடியாது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. "திறப்பாங்க, திறப்பாங்க" என்று லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களை எனக்குத் தெரியும். அப்பாவும் அவர்களில் ஒருவர். அதை விடாமுயற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர்களைக் குறைசொல்லவும் வரவில்லை. அவர்கள் குறித்துவைக்க அடிக்கணக்கு எதுவும் மிச்சமில்லை. அவர்களுடைய பிள்ளைகள் விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, சுமார் 100 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு இரவில் திரும்பினார்கள். நானும் சில வருஷம் அந்த ரயிலில் போனவன். வண்டி நகர்ந்ததும் பெட்டியில் முக்கால்வாசிப் பேர் தூங்கிவிடுவோம். விழித்திருப்பவர், பங்காருபேட்டை வந்ததும் பக்கத்தில் உள்ளவரைத் தட்டி எழுப்புவார்.