உரையாசிரியர்களின் மேற்கோள் நெறி

ஒரு புலவர் தம் நூலுள் மற்றொரு புலவரின் கருத்தையோ அடியையோ எடுத்துக் காட்டுவது மேற்கோள் எனப்படும். தம் கூற்றுக்குச் சான்று தேடுதலே அதன் முதல் நோக்கம். எனினும், சான்று காட்டும் அச்செயலே காட்டியவரைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறது. அவர் எந்நூல்களைக் கற்றார், யாரை மதித்தார், யாரோடு மாறுபட்டார், யாரை அறிந்தும் பெயர் கூறாது கடந்து சென்றார் என்பனவெல்லாம் மேற்கோள்களின் வழியே புலப்படும். தன்வரலாறு எழுதிவைக்கும் வழக்கமில்லாத பழந்தமிழ்ப் புலமையுலகில், புலவர்க்கும் புலவர்க்கும் இடையே இருந்த தொடர்பை அறிய இதனினும் உறுதியான சான்று கிடைத்தல் அரிது.

மேலை நாட்டினர் இவ்வுண்மையை 20ஆம் நூற்றாண்டில் ஓர் ஆய்வு முறையாகவே வளர்த்தனர். அறிவியற் கட்டுரைகளின் மேற்கோள்களைத் தொகுத்து அடைவு அமைக்க வேண்டும் என்னும் கருத்தை அமெரிக்கரான யூஜின் கார்பீல்டு 1955இல் வெளியிட்டார். இரு கட்டுரைகள் ஒரே முன்னூல்களை எடுத்தாளுமாயின் அவ்விரண்டும் தம்முள் உறவுடையன என்று கொள்ளும் முறையைக் கெஸ்லர் என்பார் 1963இல் விளக்கினார். 1973இல் அமெரிக்காவில் ஹென்றி ஸ்மாலும் சோவியத்து நாட்டில் இரினா மார்ஷகோவாவும், ஒருவரையொருவர் சாராமல், வேறொரு வழியைக் கண்டனர். பின்வந்தோர் இரு நூல்களைப் பலகாலும் சேர்த்தே எடுத்தாளுவாராயின், அவ்விரு நூல்களும் நெருங்கிய தொடர்புடையன என்பது அவர்கள் கண்ட வழி. 1981இல் ஒயிட், கிரிபித் என்னும் இருவர் இம்முறையை நூல்களினின்றும் ஆசிரியர்கள் மேலேற்றி, ஒரு துறை அறிஞர்களுள் யார் யார்க்கு அண்மையர் என்று படம் வரைந்து காட்டினர்.

இம்முறைகள் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டவை. பெயர் சுட்டிய மேற்கோளையே எண்ண வல்லவை. தமிழ் உரையாசிரியர்களின் மேற்கோள்களோ எண்ணுவதோடு அமையாமல், எடுத்தாண்ட முறையையும் நோக்கி ஆராயத் தக்கவை. அங்ஙனம் ஆராய்வார்க்கு, பெயர் சொன்ன இடங்கள் ஓர் உறவையும், பெயர் சொல்லாத இடங்கள் ஓர் இழப்பையும் உணர்த்தும்.

உடன்பாடும் மறுப்பும்

மேற்கோள் காட்டுவோர் அனைவரும் உடன்படுவோர் என்று கருதுதல் பிழை. பவணந்தி முனிவர் இதனை நன்கு உணர்ந்தவர். நூலுக்குரிய எழுவகை மதங்களை நன்னூலுள் வகுத்துரைக்குமிடத்து, பிறர் கருத்துக்கு உடன்படுதலை முதலில் வைத்தவர், மறுத்தலை அடுத்து வைத்தார். பிறர் மதத்தை முதலில் ஏற்றுப் பின்னர்க் களைதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருவர் பக்கம் துணிதல், பிறர் நூலின் குற்றங்காட்டல் ஆகியவற்றையும் அவ்வேழனுள் சேர்த்தார். ஆகவே, ஏழு மதங்களுள் ஐந்து, ஓர் ஆசிரியர் ஏனையோருடன் கொள்ளும் தொடர்பைப் பற்றியனவே. பிறரோடு தொடர்பின்றி நூல் இல்லை என்பது தமிழ் மரபு கண்ட முடிபு.

தொல்காப்பிய உரை வரலாறு இதற்குச் சிறந்த விளக்கமாகும். தொல்காப்பியத்திற்கு இன்று கிடைக்கும் உரைகளுள் முற்பட்டது இளம்பூரணர் உரை. பின்வந்த சேனாவரையரும் நச்சினார்க்கினியரும் அவரை இயற்பெயரால் சுட்டாது, ‘உரையாசிரியர்’ என்னும் பொதுப்பெயராலேயே சுட்டுகின்றனர். உரை வகுத்தோர் பலர் இருந்தும் அப்பொதுப்பெயர் அவர் ஒருவருக்கே சிறப்புப் பெயராயிற்று. இதனினும் பெரிய மதிப்பை ஒரு புலவருக்கு வழங்குதல் இயலாது. ஆயினும் அம்மதிப்பின் விளைவாக இயற்பெயர் மறைந்து போதற்கும் இடமுண்டாயிற்று. நன்னூலுக்கு உரை கண்ட மயிலைநாதர் இளம்பூரணரைப் பெயர் சுட்டித் துறவியெனப் போற்றியது, பிற்கால ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்பட்டது.

சொல்லதிகாரத்திற்கு மட்டும் உரை கண்ட சேனாவரையர், உரையாசிரியரைப் பல இடங்களில் எடுத்துக் காட்டுகிறார். அவ்விடங்களுட் பெரும்பாலன மறுப்புகள். மறுப்பைப் பகைமை என்று கொள்ளுதல் பொருந்தாது. ஒருவர் உரையை நூற்பாதோறும் எதிர்நிறுத்தி ஆராய்வதற்கு, அவ்வுரையை வரிவரியாகக் கற்றிருத்தல் வேண்டும். அவ்வகையில், இளம்பூரணரை மிக நுணுகிக் கற்ற மாணவர் என்று சேனாவரையரைக் கூறலாம். 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் நச்சினார்க்கினியரோ இவ்விருவரையும் முன்வைத்துக்கொண்டு, சில இடங்களில் ஒருவரைத் தழுவியும் சில இடங்களில் இருவரையும் விலக்கியும் செல்கிறார். இங்ஙனம் மூன்று தலைமுறைகள் ஒரு நூலைச் சூழ்ந்து நடத்திய உரையாடல், மேற்கோள்களின் வாயிலாகவே நமக்குக் கேட்கின்றது.

மறுப்பும் ஒருவகை உறவே என்பதற்குச் சிவஞான முனிவரின் நூலொன்று உச்சமான சான்றாகும். வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கத்தை மறுக்க எழுந்த அந்நூலுக்கு ‘இலக்கண விளக்கச் சூறாவளி’ என்பது பெயர். வீழ்த்த நினைத்த நூலின் பெயரைத் தன் பெயருள்ளேயே தாங்கி நிற்கிறது அம்மறுப்பு நூல். இன்று ஒன்றைக் கற்பார் மற்றொன்றையும் நினையாதிருத்தல் இயலாது.

மேற்கோள் காட்டிய உண்மை

மேற்கோள்கள் உரிமை வழக்கிலும் சான்றாக நின்றதுண்டு. சி. வை. தாமோதரம் பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தபோது, அதன் உரை முழுவதும் நச்சினார்க்கினியர் பெயராலேயே வெளிவந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இதழில் ரா. இராகவையங்கார் இதனை ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல் முதலாய இறுதி நான்கு இயல்களின் உரை நச்சினார்க்கினியருடையது அன்று, பேராசிரியருடையதே என நிறுவினார். உரையின் நடையும் கொள்கையும், பேராசிரியர் கருத்தென்று பிறர் எடுத்துக் காட்டும் செய்திகளும் இத்தகைய ஆராய்ச்சிக்குத் துணை புரிவன. பல நூற்றாண்டுகளுக்கு முன் எழுந்த மேற்கோள் ஒன்று, அச்சுக் காலத்துத் தவற்றைத் திருத்தும் ஆற்றல் உடையதாயிற்று.

மேற்கோளின் மற்றொரு பயன், மறைந்த நூல்களின் சுற்றத்தை அறிவித்தல். யாப்பருங்கல விருத்தியைப் புரட்டுவார், காக்கைபாடினியார், சிறுகாக்கைபாடினியார், அவிநயனார், நற்றத்தனார், பல்காயனார், மயேச்சுரர் என்னும் பெயர்களை மீண்டும் மீண்டும் காண்பர். இவர்தம் யாப்பு நூல்கள் இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரே இலக்கணத்தை விளக்குமிடத்து இவர்களின் கூற்றுகள் அடுத்தடுத்து அடுக்கப்படுவதால், இவர்கள் ஒரு துறையில் இயங்கிய ஒரு குழுவினர் என்பதும், எவரெவர் எவ்வெவற்றில் ஒத்தனர் என்பதும் விளங்குகின்றன. ஸ்மாலும் மார்ஷகோவாவும் அறிவியற் கட்டுரைகளில் கண்ட உடன்மேற்கோள் நெறி இதுவே. நூல்கள் மறைந்த பின்னும் அவற்றின் உறவு மறையவில்லை.

சிலப்பதிகாரத்திற்கு உரை கண்ட அடியார்க்கு நல்லார் இவ்வகையில் நன்றிக்குரியவர். இசையும் கூத்தும் பற்றிய பகுதிகளுக்கு உரை காணத் தமக்குத் துணைநின்ற நூல்களை அவர் வெளிப்படையாகப் பெயர் சுட்டினார். இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் என்பன அவை. தமக்கு முன் அரும்பதவுரை எழுதியவரையும் அவர் மறைக்கவில்லை. பிற்காலத்தவர்க்கு இந்நூல்கள் நெடுங்காலம் வெறும் பெயர்களாகவே இருந்தன. பின்னர்ப் பஞ்சமரபின் ஏடு கிடைத்து, வே. இரா. தெய்வசிகாமணிக் கவுண்டரின் முயற்சியால் 1970களில் அச்சேறியது. பெயர் ஒன்று பதிவாகியிருந்தமையால், கிடைத்த ஏடு இன்னதென்று அறிஞர்கள் உடனே மதிப்பிட முடிந்தது. பெயரே பதிவாகாதிருப்பின், அவ்வேட்டின் அருமையை உணர்வார் அரியர்.

மூவகை மௌனம்

பெயர் சொல்லாமல் எடுத்தாளுதலும் மேற்கோள் நெறியின் ஒரு கூறே. அம்மௌனம் ஒரு தன்மைத்தன்று. அதனை மூவகையாகப் பகுத்துக் காணலாம்.

முதலாவது, பழக்கத்தால் வரும் மௌனம். சீவகசிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் பழைய செய்யுளடிகளைப் பெரும்பாலும் நூற்பெயர் கூறாமலேயே எடுத்தாளுகிறார். கற்றோர் அனைவரும் அறிவர் என்பது அவர் துணிபு. காலம் செல்ல, அந்நூல்கள் கற்பாரின்றி மறைந்தன. சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்ட உ. வே. சாமிநாதையர், அம்மேற்கோள்கள் எந்நூலைச் சார்ந்தன என்று அறியாது இடர்ப்பட்டதை ‘என் சரித்திரம்’ கூறும். ஏடுகளைத் தேடிப் பத்துப்பாட்டையும் தொகை நூல்களையும் கண்டு படித்தபோது, அவ்வடிகள் அங்கே முழுப்பாட்டாக நின்று அவரை எதிர்கொண்டன. சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889இலும் புறநானூறு 1894இலும் தொடர்ந்தன. ஓர் உரையின் மேற்கோள்கள் ஓர் இலக்கியப் பரப்பையே தேடச் செய்தன என்பது மிகையன்று. அவ்விடர்ப்பாட்டின் படிப்பினையை ஐயர் மறவாமல், தம் பதிப்புகளில் மேற்கோள்களுக்கு அகராதி அமைக்கும் பணியை மேற்கொண்டார்.

இரண்டாவது, பண்பாட்டால் வரும் மௌனம். திருக்குறளுக்குப் பதின்மர் உரை செய்தனர் என்று பழைய வெண்பா ஒன்று கூறும். அவர்களுள் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதி, காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவர் உரைகளே கிடைத்துள்ளன. தருமர், தாமத்தர், நச்சர், திருமலையர், மல்லர் ஆகியோர் பெயரளவில் நிற்கின்றனர். பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத உரைகளைக் குறிக்குமிடத்து, உரைத்தவர் பெயரைக் கூறுவதில்லை. ‘என்பாரும் உளர்’ என்னும் வாய்பாட்டால் பொதுப்படச் சுட்டி அமைகிறார். மறுக்கப்படுவார்க்கு இழுக்கு நேராமைப் பொருட்டு மேற்கொண்ட நாகரிகம் அது என்று கொள்ளலாம். மணக்குடவர் உரை கிடைத்திருப்பதால், அவ்விடங்களுட் பலவற்றில் மறுக்கப்படுபவர் மணக்குடவரே என்று ஒப்பிட்டு அறிய முடிகிறது. ஆனால் கிடைத்துள்ள உரைகளோடு ஒத்திட இயலாதவிடத்து, அக்கருத்து யாருடையது என்று துணிய வழியில்லை. மறைந்த ஐவருள் ஒருவரின் குரல் அங்கே ஒலிக்கக்கூடும். பெயரின்மையால் அவருக்கு அதனை உரிமையாக்க இயலவில்லை. மறுப்பதற்காகவேனும் பரிமேலழகர் பெயர் கூறியிருந்தால், தருமரையும் தாமத்தரையும் ஓரளவேனும் தமிழுலகம் அறிந்திருக்கும். நாகரிகம் கருதிய மௌனம் வரலாற்றுக்கு இழப்பாய் முடிந்தது.

மூன்றாவது, எடுத்துக்கொண்டதையே சுட்டாத மௌனம். பரிப்பெருமாள் உரையின் பெரும்பகுதி மணக்குடவர் உரையோடு சொல்லளவிலும் ஒத்திருத்தல் கற்றோர் அறிந்தது. முன்னோர் உரையைத் தம்முரையாகத் தழுவிக்கொள்ளுதல் அக்கால மரபில் குற்றமாகக் கருதப்படவில்லை என்று அமைதி கூறலாம். ஆயினும், இங்கு உறவை வெளிப்படுத்துவது மேற்கோள் அன்று; இரண்டு உரைகளையும் அருகருகே வைத்து ஒப்பிடும் ஆய்வாளரின் உழைப்பே. முன்னவரின் உரை மறைந்திருக்குமாயின் பின்னவரே முதல்வராகக் கருதப்பட்டிருப்பார்.

இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாதார், மேற்கோளை எண்ணி முடிவு கூறுதல் பிழைபடும். பரிமேலழகர் மணக்குடவரின் பெயரைச் சுட்டவில்லை என்பதைக் கொண்டு, அவர் மணக்குடவரைக் கல்லாதவர் என்று முடிப்பது எத்துணைத் தவறு! அங்ஙனமே, சேனாவரையர் பன்முறை எடுத்துக்காட்டுவது கொண்டு அவர் இளம்பூரணரை அடியொற்றியவர் என்பதும் தவறே. எண்ணிக்கை தொடர்பு உண்டென்பதை உணர்த்தும். அத்தொடர்பின் தன்மையை உணர்த்துவது வாசிப்பே.

கற்பார்க்கு ஒரு கடமை

இவ்வாராய்ச்சி பழைமையோடு முடிவதன்று. தமிழ் வழங்கும் நிலப்பரப்பு கடல் கடந்து விரிந்த பின், ஒரு நாட்டு அறிஞர் மற்றொரு நாட்டு அறிஞரை அறியாமல் உழைக்கும் நிலை ஏற்பட்டது. அந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் தனிநாயக அடிகள் தலையாயவர். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய அவர், 1966இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். அதே ஆண்டில், தமிழியல் பற்றிய நூல்களுக்கு அவர் தொகுத்த வழிகாட்டி நூலை அப்பல்கலைக்கழகம் வெளியிட்டது. அறிஞரை ஓரிடத்தில் கூட்டியதும், அவர்தம் நூல்களை ஓரேட்டில் கூட்டியதும் ஒரே நோக்கின் இரு செயல்களாகும். யார் எதனை எழுதினார் என்று அறிந்தாலன்றி, ஒருவர் மற்றொருவரை எடுத்தாளுதலும் மறுத்தலும் நிகழா.

மாணவர் எழுதும் சிறு கட்டுரையிலும் இந்நெறி தொடங்குதல் வேண்டும். ‘அறிஞர் ஒருவர் கூறுவர்’, ‘ஆய்வாளர் சிலர் கருதுவர்’ என்று எழுதுவது இக்காலத்து ‘என்பாரும் உளர்’ ஆகும். அத்தொடரை எழுதும் மாணவர் அறிஞர் பெயரை அறிந்திருந்தும் விடுத்திருக்கலாம், அறியாமலும் எழுதியிருக்கலாம். படிப்பார்க்கு இரண்டும் ஒன்றே. பெயரும் நூலும் சுட்டி எழுதும்படி ஆசிரியர் வற்புறுத்துவது தேர்வுக்குரிய ஒழுங்கு மட்டுமன்று. அதுவே, முன்னோர் உழைப்பை அடுத்த தலைமுறைக்கு உரிய முகவரியோடு ஒப்படைக்கும் செயல்.

அடியார்க்கு நல்லார் ஐந்து நூல்களின் பெயரைப் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்று நூற்றாண்டுகள் கடந்து மீண்டு வந்தபோது அதனை அடையாளம் காண அப்பெயரே துணைநின்றது. பரிமேலழகர் தாம் மறுத்தவர்களின் பெயரை விடுத்தார். அவர்களுள் உரை மறைந்தோரை மீட்க இன்று வழியில்லை. புலமையில் பரிமேலழகர் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் மேற்கோள் நெறியில், கற்பார் பின்பற்றத் தக்கவர் அடியார்க்கு நல்லாரே.