ஸாஉ: எடையா, முகத்தலா?

ஹதீஸ் தமிழாக்கங்கள் சிலவற்றில் 'ஸாஉ' எனும் சொல் கிலோக் கணக்காக மாற்றி எழுதப்படுகிறது. படிப்போர்க்கு எளிதாயினும் இது பொருளைச் சிதைக்கும். ஸாஉ எடைக்கல் அன்று. நம் படியும் மரக்காலும் போன்ற முகத்தலளவை. நடுத்தர ஆடவர் இரு கைகளையும் சேர்த்து அள்ளுவது ஒரு 'முத்து'. நான்கு முத்து ஒரு ஸாஉ. ஒரே கலத்தில் பேரீச்சம்பழம் ஓர் எடை நிற்கும். கோதுமை வேறோர் எடை நிற்கும். ஒன்றற்குக் கண்ட கிலோ எண்ணை மற்றொன்றற்கு இட்டால், பித்ராவில் ஏழையின் பங்கு குறையவும் கூடும்.

கூஃபா அறிஞர் ஸாஉவை 8 பக்தாத் ராத்தல் என்றனர். மதீனத்தார் 5⅓ என்றனர். இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) மதீனா சென்றபோது, அவ்வூரார் தந்தையர் வழிவந்த ஸாஉக் கலங்களைக் கொணர்ந்து காட்டினர். அவற்றை ஆய்ந்த இமாம், தம் ஆசிரியர் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்தை விடுத்து மதீனத்தார் கணக்கை ஏற்றார். வாதம் தீர்க்காததைக் கலம் தீர்த்தது.

ஒற்றை எண்ணை எழுதிவிட்டால் இவ்வேறுபாடு மறைந்துபோம். ஹனஃபீ, ஷாஃபிஈ இல்லங்கள் இரண்டும் படிக்கும் நூலில் அது முறையன்று. மூலச்சொல்லை அவ்வாறே நிறுத்தி, அடிக்குறிப்பில் விளக்குவதே மொழிபெயர்ப்பாளர் கடமையாம்.