சிரிப்பவர் யார்? ஏட்ரியன் பைப்பர், டேவ் ஷப்பெல் ஆகியோரின் படைப்புகளில் இனவெறியும் பார்வையாளரும்

இனவெறி குறித்துப் பார்வையாளரை வேண்டுமென்றே சங்கடத்துக்குள்ளாக்கும் கலையை ‘விழிப்புணர்வு’ என்ற ஒரு சொல்லால் விளக்கிவிடுவது எளிது. அவ்விளக்கம் போதாது என்பதை அமெரிக்கக் கலையுலகின் இரு நிகழ்வுகள் காட்டுகின்றன.

வெளிர்நிறத் தோற்றமுடைய ஏட்ரியன் பைப்பரை வெள்ளையர் எனக் கருதி, விருந்துகளில் அவர் முன்னிலையிலேயே இனவெறிப் பேச்சுகள் எழுவதுண்டு. அப்போது அவர் உரியவரிடம் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை நீட்டுவார் (1986–90). தாம் கறுப்பினத்தவர் என்பதையும் அப்பேச்சு தம்மை வருத்துவதையும் அட்டை மிகுந்த பணிவோடு தெரிவிக்கும். பேசியவரை மட்டுமன்றி, கேட்டுச் சிரித்தவரையும் ஆமோதித்தவரையும் அதன் வாசகம் உள்ளடக்குகிறது. சிரிப்பு ஈண்டு ஒரு செயலாகக் கொள்ளப்பட்டு, அதற்குரியவர் தனியே பொறுப்பாக்கப்படுகிறார்.

நகைச்சுவைக் கலைஞர்க்கு இவ்வாய்ப்பு இல்லை. 2005-இல் டேவ் ஷப்பெல், ஏறத்தாழ 5 கோடி டாலர் மதிப்புடையதாகச் சொல்லப்பட்ட ஒப்பந்தத்தையும் பொருட்படுத்தாது, தம் தொலைக்காட்சித் தொடரின் மூன்றாம் பருவப் படப்பிடிப்பினிடையே விலகித் தென்னாப்பிரிக்கா சென்றார். அவர் கூறிய காரணங்களுள் ஒன்று ஒரு சிரிப்பு. முகத்தில் கரி பூசிய குட்டித் தேவதையாக அவரே தோன்றி, விமானத்தில் கோழியா மீனா எனக் கேட்கப்படும் கறுப்பினப் பயணியைக் கோழி கேட்கத் தூண்டும் காட்சி அது. 19ஆம் நூற்றாண்டு மின்ஸ்ட்ரல் மேடையின் இழிசித்திரத்தை அம்பலப்படுத்துவதே நோக்கம். ஆயினும் தளத்திலிருந்த வெள்ளையர் ஒருவர் சிரித்த விதம், அவ்விழிசித்திரமே அங்குச் சுவைக்கப்படுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பியது.

நகையின் நிலைக்களன்களாகத் தொல்காப்பியம் கூறும் நான்கனுள் எள்ளல் முதலாவது. தான் பிறரை எள்ளுவதாலும் பிறரால் தான் எள்ளப்படுவதாலும் நகை பிறக்கும் எனப் பேராசிரியர் அதனை இருவகைப்படுத்துவார். ஷப்பெல் இரண்டாம் வகையைப் பார்வையாளரிடம் எதிர்பார்த்தார். தங்கள் மனத்திலுள்ள இழிசித்திரம் எள்ளப்படுவதை உணர்ந்து அவர்கள் நகவேண்டும். கிடைத்ததோ முதல்வகை. செவிக்கு இரண்டும் ஒன்றே. அரங்கச் சிரிப்பு முழுவதையும் எதிர்ப்பின் வெற்றியாகக் கணக்கிடும் திறனாய்வு இடறுமிடம் இதுவே.

அவரது விலகலை மனச்சோர்வு என்று குறுக்குவதை விட, தம் படைப்பின் மீது அவரே நிகழ்த்திய திறனாய்வு எனக் கொள்வதே பொருந்தும். 2006-இல் அவரின்றி அக்காட்சியை ஒளிபரப்பிய அலைவரிசை, அரங்கினர் கருத்துரைக்கும் உரையாடல் ஒன்றையும் உடன் சேர்த்தது. கருத்துகள் பதிவாயின, ஆனால் அந்தச் சிரிப்புக்கு உரியவரிடம் நீட்ட எவரிடமும் அட்டை இல்லை.