குற்றாலத்தின் நிழலில் தஞ்சைக் குறவஞ்சிகள்

குறவஞ்சி என்றவுடன் கற்றோர் நினைவில் எழுவது திருக்குற்றாலக் குறவஞ்சி ஒன்றே. தஞ்சை நாட்டிலோ, பாபநாச முதலியாரின் கும்பேசர் குறவஞ்சியும், திருவாரூர்த் தியாகேசர் குறவஞ்சியும், இரண்டாம் சரபோசி மன்னர் (1798–1832) மீது கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியும், வேதநாயக சாத்திரியாரின் பெத்லகேம் குறவஞ்சியும் உள்ளன. இவற்றைப் பெயரளவில் அறிந்தோரே பலர். திரிகூடராசப்பக் கவிராயரின் கவித்திறமே இதற்குக் காரணம் என்பர். அத்திறத்தை யாமும் மறுத்திலேம். எனினும் அஃது ஒன்றே காரணமன்று.

குறவஞ்சி வரையறுத்த அமைப்புடைய ஆட்டம். கட்டியங்காரன் வரவு, தலைவன் உலா, தலைவி பந்தாடல், அவள் காமுற்று நிலவைப் பழித்தல், குறத்தி மலைவளம் கூறிக் குறிசொல்லல், சிங்கன் சிங்கியைத் தேடல் என நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மாறா. வசந்தவல்லி நின்ற இடத்தில் மதனவல்லி நின்றால் கதை வேறாகிவிடுவதில்லை. ஆகவே ஒன்றை நன்கறிந்த அவை மற்றொன்றைக் கற்க முயல்வதில்லை. மேனாட்டிலும் இதற்கு ஒப்பானதொன்று உண்டு. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையை வளர்த்துச் செல்லும் விளையாட்டுக்கள் அங்கே பல. ஆயினும் 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பதே மிகுதியும் ஆடப்படுகின்றது. பலர் கூடி ஆடவேண்டிய ஆட்டத்தில், உடன் ஆடுவோர் எதனை அறிவரோ அதனையே ஆட நேர்கின்றது.

குறவஞ்சிக்கும் உடன் ஆடுவோர் வேண்டும். சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் தேவரடியாரால் ஆடப்பெற்றது. 1855இல் அம்மன்னர் மரபின் அரசுரிமை முடிந்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டும் வழக்கத்தை விலக்கியது. அச்சட்டம் வேண்டுவதே. ஆனால் பாட்டையும் அடவையும் ஒருங்கே நினைவில் வைத்திருந்த குழு கலைந்தது. பிற்காலத்தில் அதனை மீட்டெடுத்து ஆடினோரும் உளர். தொடர்ச்சி அறுந்தபின் செய்த முயற்சி அது.

தலைவன் மன்னனாதலால் நூல் மங்கியது எனலாமோ? கும்பேசரும் தியாகேசரும் இறைவரன்றோ! குறத்தி பாடும் மலையைக் கருதுக. குற்றாலத்தில் அது கண்ணெதிரே நிற்கின்றது. வயலும் வாய்க்காலுமாகப் பரந்த காவிரிச் சமவெளியிலோ, அவையோர் காணாத மலையைக் கருத்திற் கொணர வேண்டும். இதன்மேல் 1944இல் ருக்மிணி தேவி கலாட்சேத்திரத்தில் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். நாமோ அதனையே பாடமாக வைத்தோம். பெத்லகேம் குறவஞ்சிக்கு மட்டும் திருச்சபை ஓர் அவையாய் வாய்த்தது.

குறை நம்முடையதும் ஆகும். குற்றாலத்தை அளவுகோலாக்கி, ஏனையவற்றை அதன் வழிநூல்கள் என ஒதுக்குகின்றோம். கும்பேசர் குறவஞ்சியைக் காலத்தால் முற்பட்டது எனக் கொள்ளும் அறிஞரும் உளர். அவ்வாறாயின் எது எதற்கு வழிநூல்? சரபேந்திர பூபாலக் குறவஞ்சியின் சொற்கட்டு ஏட்டிற் படிப்பார்க்கு வறிதாகத் தோன்றும் இடங்கள் உண்டு. அவ்விடங்களைச் சலங்கையும் மத்தளமும் நிரப்பியிருக்கும் என்பதைக் கருதாமலேயே நாம் தீர்ப்பு வழங்கியிருக்கின்றோம்.